பெட்டகமும் பைன் அலமாரியும்

பழையது என்னும் வார்த்தைக்கு நம்முடைய வீடுகளில் இரண்டு விதமான மதிப்பு உண்டு. இரவில் நீர் ஊற்றி வைத்துக் காலையில் பிழிந்து சாப்பிடும் பழையதை விருந்தாளியின் முன்னால் எடுத்து வைக்க நம் பெண்மணிகள் கூசுவார்கள். அதே பழையது ஒரு பெரிய ஹோட்டலில் மண் சட்டியில் வந்து சேர்ந்தால், கேட்ட விலையைக் கொடுத்துச் சாப்பிட்டு விட்டு, அதன் பெருமையையும் பத்துப் பேரிடம் சொல்லிக் கொண்டு திரும்புகிறோம். மரச் சாமான்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். கூடத்து மூலையில் பாட்டி வைத்து விட்டுப் போன பெட்டி இடத்தை அடைத்துக் கொண்டிருக்கும் 'பழசு'. பட்டணத்துக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருக்கும் பெட்டி 'ஆண்டிக்'. இரண்டும் ஒரே ஆசாரியின் கைவேலையாகக் கூட இருக்கலாம்.

பழநியை அடுத்த பாலசமுத்திரத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கும் கடிதம் இந்த விஷயத்தைப் பற்றியது. மாமனார் காலமாகி விட்டார். பிள்ளைகள் மூவரும் பாகம் பிரித்துக் கொள்கிறார்கள். பழைய வீட்டை இடித்து மூன்று வீடுகளாகக் கட்டப் போகிறார்கள். கூடத்தில் மூன்று தலைமுறையாக இருந்து வரும் மரப் பெட்டகத்துக்குப் புதிய வீடு எதிலும் இடமில்லை. இந்த நிலையில் ஒரு வியாபாரி வந்து பார்த்து, "இது உளுத்த கட்டை, விறகு விலைதான் பெறும். ஆனாலும் நீங்கள் கேட்பதால் எடுத்துக் கொள்கிறேன். பதிலுக்குக் கொடைக்கானல் துரை பங்களாவிலிருந்து இறங்கிய நூற்றைம்பது வருஷத்துப் பைன் மர அலமாரி ஒன்று தருகிறேன். மேற்கொண்டு கொஞ்சம் ரொக்கம் கொடுத்தால் போதும்" என்றாராம். சகோதரியின் கணவருக்குப் பாதி மனம் வந்து விட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம். பெட்டகத்துச் சாவியை மட்டும் இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லையாம். வெள்ளிக்கிழமை வியாபாரி மறுபடியும் வருகிறார். இரண்டு சாமான்களுக்குமாக நான்கு படங்கள் அனுப்பி, "என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார் அந்தச் சகோதரி.

முதலில் வரப் போகிற அலமாரியைக் கவனிப்போம்.

பைன் என்பது குளிர் தேசத்து ஊசியிலை மரம். நம்மூர்க் கடைத்தெருவில் தேவதாருப் பெட்டி என்று பொதுப் பெயரால் வழங்குகிற சாமான் கட்டும் பெட்டிகளில் பலவும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இங்கிலாந்துக்கு இந்த மரம் பால்டிக் கடற்கரையிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. மலிவு, இலேசு, உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். ஆகையால் அந்நாட்டுத் தச்சர்கள் சமையலறை மேஜைக்கும், வேலைக்காரர் அறைப் பெட்டிக்கும், ஏழைக் குடியானவரின் அலமாரிக்கும் இதை உபயோகித்தார்கள். செய்து முடித்ததும் முடிச்சுக்களும் ரேகைகளும் தெரியாதபடி வர்ணம் பூசி மறைத்து விடுவார்கள். சீமானின் கூடத்தில் ஓக்கும் மஹாகனியும் வீற்றிருந்தன. பைன் பின்கட்டில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சீமையிலே ஒரு புது மோகம் பிறந்தது. வர்ணத்தைச் சுரண்டி விட்டு வெறும் மரத்தைப் பார்ப்பதே அழகு என்றார்கள். பழைய அலமாரிகளைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுத்து, வர்ணத்தை உரித்து, மெழுகு தேய்த்துத் தேன் நிறத்தில் விற்கலானார்கள். கிராக்கி ஏறியது, பழைய அலமாரிகள் போதவில்லை. உடனே இடிபட்ட வீடுகளின் தரைப் பலகைகளையும் மாதா கோயில் பெஞ்சுகளையும் அறுத்துப் 'பழைய' மேஜைகள் தயாராயின. மரம் பழையதாக இருப்பது வேறு, சாமான் பழையதாக இருப்பது வேறு. இதை மனத்தில் வாங்கிக் கொண்டவரைப் பழஞ்சாமான் வியாபாரி ஏமாற்றுவது சிரமம்.

இனி, துரை பங்களாக் கதை. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு எழுபது வருஷ காலம் வரையில் அந்த மலைக்கு மோட்டார் ஏறும் பாதை கிடையாது. துரைகளும் துரைசானிகளும் பல்லக்கிலும் குதிரையிலும் போனார்கள். அவர்களுடைய தட்டுமுட்டுக்கள் கூலியாட்களின் தலையிலும் தோளிலும் போயின. மலிவான பைன் அலமாரி ஒன்றைச் சீமையிலிருந்து கப்பலேற்றி, ரயிலேற்றி, அப்புறம் ஏழாயிரம் அடி உயரத்துக்குத் தலைச் சுமையாகவும் ஏற்றுவானேன்? இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் இங்குள்ள தச்சர்களைக் கொண்டு, தேக்கிலும் ஈட்டியிலுமே தங்கள் சாமான்களைச் செய்வித்துக் கொண்டார்கள். பட்டாளத்து அதிகாரிகள் ஊர் விட்டு ஊர் தூக்கிச் சென்ற மடக்கு மேஜைகளில் கூடத் தேக்கே அதிகம். கொடைக்கானலில் இன்று சினிமாக்காரர்கள் பாட்டுக் காட்சி எடுக்கிற பைன் தோப்புக்களோ இருபதாம் நூற்றாண்டில் நட்டு வளர்த்தவை. மலையிலேயே வெட்டிச் செய்த அலமாரி என்று வைத்துக் கொண்டாலும் நூற்றைம்பது வருஷம் என்ற கணக்கு இடிக்கிறது.

கறையான் சாட்சியும் இருக்கிறது. பைன் மரம் கறையானுக்கு அல்வா மாதிரி. மலையின் குளிரில் அது தப்பிப் பிழைத்திருக்கலாம். பழநிச் சீமையின் வெயிலிலும் மண் தரையிலும் நூறு வருஷம் நின்ற பைன் அலமாரி அடிப் பாகத்தில் ஒரு வடுவும் இல்லாமல் வழவழவென்று இருக்குமானால், அதைச் செய்த ஆசாரியார் இப்போதும் சௌக்கியமாக இருக்கிறார் என்றே நாம் நினைப்போம்.

சகோதரி அனுப்பியுள்ள படத்தில் கதவுக் கீல்களில் கூட்டல் குறி போட்ட திருகாணிகள் தெரிகின்றன. அந்த மாதிரித் திருகாணி அமெரிக்காவில் 1930-க்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. கீல் பழுதாகிப் பிற்பாடு மாற்றினார்கள் என்று வியாபாரி சொல்லக் கூடும். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் அப்பொழுது பழைய கீலின் அச்சும், அடைத்த பழைய துவாரங்களும் மரத்தில் இருந்தே தீரும். கீலைக் கழற்றிக் காட்டச் சொல்லட்டும். முதுகுப் பக்கம் ஒட்டுப் பலகையாக இருக்கிறது. ஒட்டுப் பலகை சாமான்களில் தாராளமாக நுழைந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நமது சந்தேகம் ஏறக்குறைய முடிவாகவே ஆகி விடுகிறது.

ஆயினும் படத்தை நம்பி ஒரு சாமானைத் தள்ளுவதும் கொள்ளுவதும் உசிதமல்ல. வெள்ளிக்கிழமையன்று அலமாரியை நேரில் பார்க்கும்போது முன் பக்கத்தை விட்டு விட்டு, ஒருவரும் பார்க்காத இடங்களைப் பார்க்க வேண்டும். இழுப்பறையை முழுவதும் வெளியே உருவித் தலைகீழாகக் கவிழ்க்கட்டும். இழுத்து இழுத்துத் தேய்ந்த விளிம்பு ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தேய்ந்திருக்கும். அடிப்பலகையில் வாளறுத்த தடம் தெரியும். கை ரம்பத்தின் தடம் கோணல் மாணலான கோடு. வட்ட ரம்பத்தின் தடம் பிறை பிறையாக இருக்கும். இந்தக் காலத்து யந்திரத்தில் இழைத்த பலகையில் தடமே இராது. மூலையில் பலகையும் பலகையும் புறா வாலைப் போல் கோத்திருக்கும் மூட்டைப் பார்க்கட்டும். கையால் வெட்டிய வால்களில் ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. பக்கத்தில் ஊசியால் கீறிய குறிக் கோடு கூட மறையாமல் இருக்கும். அச்சில் வார்த்தது போல் எல்லா வாலும் ஒரே அளவாக இருந்தால் யந்திர வேலை.

மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை, அகலவாக்கில் சுருங்கும். ஆகையால் நூறு வருஷத்து வட்ட மேஜை சுத்த வட்டமாக இருப்பதில்லை. குறுக்கும் நெடுக்கும் அளந்தால் சிறிதாவது வித்தியாசம் காட்டும். அலமாரிக் கதவின் நடுப்பலகையும் சட்டத்துக்குள் சுருங்கி, ஓரத்தில் வர்ணமோ மெருகோ படாத ஒரு மெல்லிய கோட்டை வெளியே காட்டும். இந்தக் கோட்டைப் பொய்யாக உண்டாக்குவது சுலபமல்ல.

பூச்சித் துவாரத்தைக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு பழசு!" என்பது இந்த வியாபாரத்தில் நெடுநாளைய தந்திரம். துவாரத்தில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் விஷயம் வெளியாகும். பூச்சி நேர் வழியில் போகும் பிராணியல்ல. கம்பி சிறிது தூரத்திலேயே வளைந்து தடைபடும். அடிவரையில் நேரே இறங்கினால் துளை போட்டது பூச்சியல்ல, துளைக் கருவி. பலகையின் மேலேயே பூச்சியின் பாதை வாய்க்கால் மாதிரி நீளமாகத் திறந்து கிடந்தால், அது பழைய மரத்தைப் பிற்பாடு அறுத்து இழைத்துச் செய்த சாமான். துவாரத்திலிருந்து புதிய மாவு கொட்டினால் எந்தக் காலத்துச் சாமானானாலும் வீட்டுக்குள் விட வேண்டாம். பூச்சி இன்னும் உள்ளே குடியிருக்கிறது.

பைன் சாமானே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. நியூஜீலந்து முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் பைன் மரத்தில் இப்போது பார்வைக்கு லட்சணமான அலமாரிகள் செய்கிறார்கள். புது அலமாரி என்று சொல்லிப் புது அலமாரி விலைக்கு விற்றால், பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம். நம்முடைய ஆட்சேபமெல்லாம் அதற்குக் கட்டும் ஜாதகத்தைப் பற்றியதுதான்.

இப்பொழுது பெட்டகத்துக்கு வருவோம். இதைப் பற்றியே நமக்கு அதிகக் கவலை.

வியாபாரி, "இது பர்மா தேக்குக் கூட இல்லை, நாட்டு மரம்" என்றும் சொன்னாராம். பர்மாத் தேக்கு என்றால் நமக்கு ஒரு பக்தி. அதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. தேக்குக்காக ஒரு ராஜ்யமே போயிருக்கிறது. பம்பாய்-பர்மா வியாபாரக் கம்பெனி கணக்குக்கு மேல் தேக்கு வெட்டி, செலுத்த வேண்டியதைச் செலுத்தவில்லை என்று 1885-ல் மாந்தளை சர்க்கார் பெரிய அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்துப் பிரிட்டிஷார் படையெடுத்தார்கள். தீபா மன்னர் ரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டு, 1916-ல் அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய காட்டு மரம் மட்டும் கடல் தாண்டி வந்து, செட்டிநாட்டு வளவுகளில் தூணாகவும் உத்திரமாகவும் நின்றது.

ஆனால் நாட்டு மரம் என்று உதட்டைப் பிதுக்குவதற்கு என்ன இருக்கிறது? பாலசமுத்திரத்துக்கு மேற்கே ஆனைமலை இருக்கிறது. அதன் தேக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போயிற்று. மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சறுக்கி விட்ட இடத்துக்கே டாப்ஸ்லிப் என்ற பெயர் நிலைத்து விட்டது. கப்பலுக்கு ஆகி வந்த மரம் பெட்டகத்துக்கு ஆகாமற் போகாது. மேலும், பர்மாவிலிருந்து வெட்டிய கட்டையாகத் தேக்கு ஏற்றுமதியாவதை அந்நாட்டு அரசாங்கம் 2014 ஏப்ரலிலிருந்து தடுத்து விட்டது. இன்று மரவாடிகளில் தேக்கு என்று கிடைப்பதில் பெரும் பகுதி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்தது. அவசரத்தில் வளர்ந்த மரத்தில் வளையங்கள் அகலமாயிருக்கும். ஓரத்து வெள்ளை மரமும் அதிகம். பழைய காட்டு மரத்தில் வளையங்கள் நெருக்கம் நெருக்கமாக இருக்கும். பெட்டகத்துப் பலகையின் தலைமாட்டை, அதாவது குறுக்கே அறுத்த பக்கத்தை, ஈரத் துணியால் துடைத்து விட்டுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

தேக்குத்தானா என்று பரீட்சிக்க அடிப்பலகையில், மெருகு படாத இடத்தில், பேனாக் கத்தியால் ஒரு நகக்கண் அளவு சுரண்டினால் போதும். உள்ளே பொன்னிறம் தலை காட்டும்; தொட்டால் எண்ணெய்ப் பசை; முகர்ந்தால் பழைய தோல் சாமானின் வாசனை. வேங்கையாக இருந்தால் சுரண்டிய தூளைக் கண்ணாடி டம்ளர்த் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீரில் நீலச் சாயை ஓடும். ஈட்டி என்றால் கருஞ்சிவப்பும் அசாத்தியக் கனமுமே காட்டிக் கொடுத்து விடும். இவற்றில் எதுவானாலும் விறகல்ல.

"உளுத்த கட்டை" என்ற தீர்ப்பையும் ஒரு கோணி ஊசியால் விசாரித்து விடலாம். தேக்கின் வைரப் பகுதியில் பூச்சி லேசில் நுழையாது. ஓரத்தில் வெளுத்த பட்டையாக இருக்கும் இடத்தில்தான் அரிக்கும். ஊசியை அழுத்திக் கொண்டே போனால், ஓரத்தில் இறங்குகிற ஊசி அரை விரல் தள்ளினால் நின்று விடும். அப்படியானால் பெட்டகத்துக்கு ஆயுள் இன்னும் பல தலைமுறை.

விலையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறோம். சகோதரி எழுதியுள்ள அளவுப்படி பெட்டகம் ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஆறு பக்கத்துப் பலகையும் சேர்ந்து அறுபத்திரண்டரைச் சதுர அடி ஆகிறது. பலகை ஓர் அங்குலக் கனம் என்று குறைத்துப் போட்டாலும் ஐந்து கன அடிக்கு மேலே தேக்கு இருக்கிறது. கால்களும் சட்டங்களும் தனி. பழநியில் எந்த மரவாடியிலும் ஒரு கன அடி நல்ல தேக்கின் இன்றைய விலையைக் கேட்டு, ஐந்தால் பெருக்கிக் கொள்ளட்டும். அது வெறும் மரத்தின் விலை; அதற்குக் கீழே கேட்பவரோடு பேச்சு வைத்துக் கொள்ள வேண்டாம். அதற்கு மேலே கைவேலைக்கு ஒரு விலை உண்டு. இரும்பாணி இல்லாமல் துளையில் கழுந்தை இறக்கி மர ஆணியால் இறுக்கிய மூட்டு, பித்தளைப் பட்டம், அடியில் மர உருளை, இவையெல்லாம் மாறாமல் இருக்க இருக்க மதிப்பு அதிகம். பளபளப்பாக்கி விற்கலாம் என்று வார்னிஷ் பூசுவது, உள்ளதையும் கெடுத்துக் கொள்கிற காரியம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதுமானது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்குவதாகப் படத்தில் காண்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வழங்கியிருக்கிறார்கள். கையால் செய்த பழைய பூட்டும் அதன் சொந்தச் சாவியும் சேர்ந்திருப்பது அபூர்வமாகிக் கொண்டு வருகிறது. பூட்டைத் தனியாக, பெட்டகத்தைத் தனியாக விற்க உடன்படக் கூடாது.

சந்தை விலை தெரிய வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வரலாம். பழஞ்சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. போகிறவர்கள் சற்று மனத்தைத் திடப்படுத்திக் கொண்டு போக வேண்டும். 1930-ஐ ஒட்டிய வியாபார மந்தம், 1942-ல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்தது, 1948-ல் அந்நாட்டில் வந்த நிலச் சட்டம் என்று அடி மேல் அடி விழுந்து, ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள் என்றும் ஆன பிறகு பிரித்து விற்ற செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் அங்கே சாத்தி வைத்திருக்கின்றன. கல்யாணச் சீராக வந்த பெட்டிகள் பெயர் வெட்டியபடியே கிடக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர், இதே மாதிரி ஒன்றைத் தங்கள் ஊரில் எடைக்குப் போட்டு விட்டு வந்தவர்கள் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

சகோதரி கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லி விடுகிறோம். வீட்டை இடிக்க ஒப்பந்தம் பேசும்போது, பழைய மரத்தைக் கூலியில் கழித்துக் கொள்வதாகச் சொல்லும் வழக்கம் உண்டு. வாசல் நிலை, கதவு, உத்திரம், தூண் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய் விடும். ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, எது யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொண்ட பிறகு கடப்பாரையைத் தொடலாம். நிலையின் மேல் கஜலக்ஷ்மி போன்ற செதுக்கு வேலை இருந்து, நூறு வருஷத்துக்கும் மேற்பட்டதானால், 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். அப்படிப்பட்டதைப் பதிவு செய்ய வேண்டும். வியாபாரம் செய்கிறவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி மனிதருக்கு உரிமை கிடையாது. வந்திருக்கும் வியாபாரியிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

விற்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வெள்ளிக்கிழமை விற்க வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். ஐந்தடிப் பெட்டகத்தின் மேல் மெத்தை போட்டால் நாலு பேர் உட்காரும் ஆசனம் ஆகிறது; உள்ளே வீட்டுப் பாய், தலையணை, வெண்கலப் பாத்திரம் எல்லாம் அடங்குகின்றன. மூன்று புது வீடுகளில் ஒன்றின் நடையை அரை அடி அகலமாகக் கட்டினால் இடப் பிரச்னை தீர்ந்து போகும். வரைபடம் இன்னும் கடுதாசியில்தானே இருக்கிறது! சகோதரர்கள் மூவரும் ஒப்பி விற்பதாகவே தீர்மானித்தால், மரவாடிக் கணக்கைக் கையில் வைத்துக் கொண்டு இரண்டு மூன்று பேரிடமாவது விலை கேட்டு, ரொக்கமாகவே வாங்கட்டும். மாற்றுச் சாமான் பேச்சுக்கே இடம் கொடுக்க வேண்டாம்.

எப்படியானாலும், வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் பெட்டகத்தின் உள்ளே அளந்து பார்க்க வேண்டும். வெளி உயரத்துக்கும் உள் ஆழத்துக்கும் பலகைக் கனத்தைக் காட்டிலும் அதிக வித்தியாசம் வருமானால் அடியில் கள்ள அறை இருக்கிறது என்று அர்த்தம். பழைய பெட்டகங்களில் இது சாதாரணம். பத்திரமோ, ஓலையோ, நாலு காசோ அதில் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அதைத் திறக்கும் வகை சாவி வைத்திருக்கிற மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அவரையே கேட்டு, அவர் கையாலேயே திறந்து பார்க்கச் சொல்லட்டும்.